எக்ஸ் கதிரில் செயல்மிகு கேலக்ஸிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருந்துளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு எப்போதும் படங்களில் போய் நிற்கும். செயல்மிகு கேலக்ஸிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி படத்திலிருந்து வந்ததல்ல. ஒவ்வொன்றாக எண்ணிச் சேர்த்த எக்ஸ் கதிர்த் துகள்களிலிருந்து வந்தது. அந்த எண்ணிக்கை எப்படி நடக்கிறது, அதிலிருந்து என்ன தெரிகிறது என்பதற்கான பதில்கள் கீழே.

செயல்மிகு கேலக்ஸி என்றால் என்ன? எல்லா கேலக்ஸியிலும் ஏதாவது நடந்துகொண்டுதானே இருக்கிறது?

நடக்கிறது. விண்மீன்கள் பிறக்கின்றன, வெடிக்கின்றன, மடிகின்றன. ஆனால் 'செயல்' என்று இங்கே சொல்வது அதையல்ல. கேலக்ஸியின் நட்டநடுவில், சூரியக் குடும்பம் அளவேயான ஓர் இடத்திலிருந்து, அந்தக் கேலக்ஸியின் கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்து தரும் ஒளிக்கு ஈடாகவும் சில சமயம் அதை மிஞ்சியும் ஆற்றல் கொட்டுகிறது. அதைத்தான் செயல் என்கிறோம்.

1943-ல் கார்ல் செய்ஃபர்ட் ஆறு கேலக்ஸிகளின் மையங்களை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் விசித்திரமாக அகன்றிருந்தன. வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் அங்கே சுழன்றால்தான் கோடு அப்படி அகலும். இருபது ஆண்டு கழித்து, 1963-ல், விண்மீன் போலத் தெரிந்த 3சி 273 என்ற ஒளிப்புள்ளி ஏறக்குறைய 240 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பதை மார்ட்டன் ஷ்மிட் கண்டுபிடித்தார். அதுதான் குவேசார். செய்ஃபர்ட் கேலக்ஸி, குவேசார், பிளேசார் என்று பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சூரியனைவிட லட்சக்கணக்கான, சிலவற்றில் நூற்றுக்கணக்கான கோடி மடங்கு நிறை கொண்ட ஒரு கருந்துளை, வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

கருந்துளையிலிருந்து ஒளியே தப்பாதே. பிறகு எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது?

வெளியிலிருந்துதான். விழுங்கப்படப் போகும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. சுழன்று சுழன்று ஒரு வட்டாகப் படிகிறது. உள்ளே நெருங்க நெருங்க உராய்ந்து சூடேறி ஒளிர்கிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம் மட்டுமே ஆற்றலாகிறது. சுழலாத கருந்துளையைச் சுற்றிய வட்டில் அது சுமார் 6 சதவீதம். மிக வேகமாகச் சுழலும் கருந்துளையென்றால் கோட்பாட்டளவில் 40 சதவீதத்தையும் தாண்டும். இதைவிடச் சிக்கனமான உலையைப் பெரிய அளவில் இயற்கையில் வேறெங்கும் பார்க்க முடியாது. பளிச்சென்ற ஒரு குவேசாருக்கு ஆண்டுக்கு ஓரிரு சூரியன் அளவு வாயு கிடைத்தால் போதும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இவ்வளவு பெரிய கருந்துளையின் வட்டு சில லட்சம் டிகிரிதான் சூடேறும். அந்தச் சூட்டில் புற ஊதா ஒளி வரும், எக்ஸ் கதிர் அவ்வளவாக வராது. எக்ஸ் கதிரைத் தருவது வட்டுக்கு அருகே, கருந்துளையை ஒட்டி நிற்கும் கொரோனா என்ற மெல்லிய எலெக்ட்ரான் மேகம். அதன் வெப்பம் சுமார் நூறு கோடி டிகிரி. வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதா ஒளித்துகள் அங்கே பாயும் எலெக்ட்ரான்களில் மோதி மோதி ஆற்றல் ஏறி எக்ஸ் கதிராக வெளிவருகிறது.

கொரோனாவின் வடிவம் என்ன என்பது நெடுநாள் வழக்கு. கருந்துளையின் தலைக்கு மேலே விளக்கு மாதிரி தொங்குகிறதா, வட்டின்மேல் போர்வை போலப் பரவியிருக்கிறதா? 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஐஎக்ஸ்பிஇ, எக்ஸ் கதிரின் தளவிளைவை, அதாவது அதன் அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, அளக்கும் தொலைநோக்கி. அது என்ஜிசி 4151 என்ற கேலக்ஸியைப் பார்த்தபோது கிடைத்த அளவு, வட்டோடு ஒட்டிப் பரவிய வடிவத்துக்கே சாதகமாக இருந்தது. ஒரு கேலக்ஸியின் சாட்சியத்தை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாது; ஆனாலும் இது பெரிய படி.

இதற்கு ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்?

நம் வளிமண்டலம் எக்ஸ் கதிரை முழுவதும் உறிஞ்சிவிடுகிறது. உயிர்கள் பிழைத்திருக்க அது நல்லது, வானியலுக்குத்தான் தடை. மலையுச்சிக்குப் போனாலும் பயனில்லை.

1962 ஜூன் 18 அன்று ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ஒரு சிறு ராக்கெட்டில் கருவியை ஏற்றி அனுப்பியது. நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்ப்பது நோக்கம். வளிமண்டலத்துக்கு மேலே கிடைத்தது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில், விருச்சிக விண்மீன் குழுவின் பக்கம் ஒரு பிரகாசமான மூலமும், வானம் முழுக்கச் சீராகப் பரவிய ஒரு மங்கலான ஒளியும் தெரிந்தன. அந்த மங்கலான ஒளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வரும். ஜியாக்கோனிக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடலோரத்திலிருந்து உஹுரு என்ற செயற்கைக்கோள் கிளம்பியது. எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அனுப்பப்பட்ட முதல் செயற்கைக்கோள் அது. கென்யாவின் விடுதலை நாளில் ஏவியதால், சுவாஹிலியில் 'விடுதலை' என்று பொருள்படும் பெயர்.

எக்ஸ் கதிர் எதையும் ஊடுருவுமே, அதைக் கண்ணாடி எப்படித் திருப்பும்?

நேராக விழுந்தால் திருப்பாது. உள்ளே புகுந்து உறிஞ்சப்பட்டுவிடும். தட்டையான கல்லைக் குளத்தில் செங்குத்தாகப் போட்டால் மூழ்கும். நீரோடு ஒட்டினாற்போல் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகும் இல்லையா, அதே போல மிகச் சிறிய கோணத்தில் பரப்பை உரசிச் செல்லும் எக்ஸ் கதிர் திரும்பும். 1952-ல் ஹான்ஸ் வோல்ட்டர் இதற்கேற்ற கண்ணாடி வடிவத்தை வகுத்தார். பார்க்க அது கண்ணாடி மாதிரியே இருக்காது. இரு முனையும் திறந்த குழாய் மாதிரி இருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்களை அடுக்கினால் அதிகக் கதிர் சேரும்.

எத்தனை அடுக்கு என்பதில்தான் ஒவ்வொரு தொலைநோக்கியின் குணமும் இருக்கிறது. 1999 ஜூலையில் சென்ற சந்திராவில் (ஆம், சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான்) நான்கே அடுக்குகள். இரிடியம் பூசி, அணுவளவுக்கு வழவழப்பாக இழைத்தவை. அதன் கூர்மை அரை விகலை, அதாவது 4 கிலோமீட்டருக்கு அப்பால் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். அதே ஆண்டு டிசம்பரில் சென்ற எக்ஸ்எம்எம்-நியூட்டன் வேறு வழியில் போனது: தங்கம் பூசிய 58 மெல்லிய அடுக்குகள், அப்படி மூன்று தொகுதிகள். கூர்மை குறைவு, ஆனால் கதிரை வாரிக்கொள்ளும். செயல்மிகு கேலக்ஸிகளின் நிறமாலைக்கு எக்ஸ்எம்எம்மைத்தான் அதிகம் நாடுகிறார்கள். புகழ் முழுவதும் சந்திராவுக்குப் போய்விடுவதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

2012-ல் சென்ற நூஸ்டார், 79 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (கதிர்த் துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) வரையிலான கடின, அதாவது ஆற்றல் மிகுந்த, எக்ஸ் கதிர்களையும் குவிக்கும். கதிரின் ஆற்றல் கூடக் கூட உரசும் கோணம் இன்னும் சிறிதாக வேண்டும், குவியத் தூரம் நீள வேண்டும். அதனால் விண்வெளிக்குப் போன பிறகு 10 மீட்டர் நீளக் கம்பத்தை விரித்துக்கொண்டது.

படங்களில் உள்ள நீலமும் சிவப்பும் உண்மையா?

எக்ஸ் கதிருக்கு நம் கண்ணறிந்த நிறம் கிடையாது. குறைந்த ஆற்றலுக்குச் சிவப்பு, கூடுதல் ஆற்றலுக்கு நீலம் என்று பிறகு பூசுகிறார்கள். ஏமாற்று வேலையல்ல, நிலப்படத்தில் உயரத்துக்கு நிறம் தீட்டுவது போலத்தான்.

அப்படியானால் தொலைநோக்கி உண்மையில் எதைத்தான் பதிவு செய்கிறது?

ஒரு பட்டியலை. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சாதாரண ஒளியில் துகள்கள் வெள்ளமாக வருகின்றன. யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. எக்ஸ் கதிர்த் துகள்கள் அரிதாக வருகின்றன, ஒவ்வொன்றும் ஆற்றல் மிகுந்தது. அதனால் ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதலாம்: எந்த இடத்தில் விழுந்தது, எந்த நொடியில் விழுந்தது, எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது. இடத்தை வைத்துத் தொகுத்தால் படம். நேரத்தை வைத்துத் தொகுத்தால் ஒளி ஏறி இறங்கும் வரைபடம். ஆற்றலை வைத்துத் தொகுத்தால் நிறமாலை. மூன்றுக்கும் மூலம் ஒரே பட்டியல்.

சந்திரா வானத்தின் ஒரே துண்டை 20 லட்சம் நொடிகள், ஏறத்தாழ 23 நாள்கள், பார்த்துத் தொகுத்த ஆழ்புலப் பதிவில் மிக மங்கலான மூலங்களிலிருந்து நாலு நாளைக்கு ஒரு துகள் என்ற கணக்கில்தான் வந்தது. அந்த ஒற்றைத் துகள் பல நூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து, நான்கடுக்குக் குழாயில் உரசித் திரும்பி, பட்டியலில் ஒரு வரியாகப் பதிந்தது. அதை எண்ணும்போது மனம் நெகிழாமல் இருப்பதில்லை.

வெறும் புள்ளியாகத் தெரிவதை வைத்து அதன் அளவை எப்படிச் சொல்கிறீர்கள்?

நேரத்தை வைத்து. ஒரு மூலத்தின் ஒளி ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிப்பானால், அந்த மூலம் ஒளி ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. பெரிதாக இருந்தால் ஒரு கோடியில் நடந்த மாற்றம் மறுகோடியை எட்டுவதற்குள் பளிச்சென்ற மாற்றம் மழுங்கிப்போகும். ஒரு ஒளி மணி என்பது 108 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து வியாழனைத் தாண்டி, சனிக்கு முன்னால் நிற்கும் தூரம். கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள ஒன்றை, எந்தப் படமும் இல்லாமல், சனியின் சுற்றுப்பாதைக்குள் அடக்கிவிட்டோம்.

இதைவிட நுட்பமான வழியும் உண்டு. கொரோனா திடீரென்று பளிச்சிட்டால் அந்த ஒளியில் ஒரு பங்கு நேராக நம்மிடம் வரும்; இன்னொரு பங்கு வட்டின்மேல் பட்டு எதிரொளித்துச் சற்றுத் தாமதமாக வரும். மலையடிவாரத்தில் குரல் கொடுத்து எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிப்பது போல, இந்தத் தாமதத்தை அளந்து இடைவெளியைச் சொல்லலாம். 2009-ல் 1எச் 0707-495 என்ற கேலக்ஸியின் எக்ஸ்எம்எம் பதிவில் சுமார் 30 நொடி தாமதம் தெரிந்தது. முப்பதே நொடி! கருந்துளையின் விளிம்பை ஒட்டிய நிலப்பரப்பை அளந்தாகிவிட்டது.

எக்ஸ் கதிர் வானியலாளர்கள் எப்போது பார்த்தாலும் இரும்பைப் பற்றியே பேசுவது ஏன்?

இரும்பு பிரபஞ்சத்தில் தாராளமாக இருக்கிறது, எக்ஸ் கதிர் பட்டால் நன்றாக ஒளிர்கிறது. கொரோனாவின் கதிர் வட்டின்மேல் பட்டதும் இரும்பணுக்கள் 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கோடு தருகின்றன. ஆய்வுக்கூடத்தில் அது ஊசிபோல் மெல்லிய கோடு. கருந்துளைக்கு அருகே அது அப்படியே வந்து சேராது. வட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் ஓடுவதால் கோடு இரு பக்கமும் இழுபடும். ஈர்ப்பிலிருந்து தப்பி ஏறிவரும் ஒளி ஆற்றலை இழப்பதால் குறைந்த ஆற்றல் பக்கம் நீண்ட வாலாகச் சரியும்.

1995-ல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் எம்சிஜி-6-30-15 என்ற கேலக்ஸியில் அந்த வாலைக் கண்டது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை வலுவாகச் செயல்படும் இடத்திலிருந்து வந்த நேரடிக் கையெழுத்து என்று அதைக் கொண்டாடினார்கள். கருந்துளை வேகமாகச் சுழன்றால் வட்டு இன்னும் உள்ளே நெருங்க முடியும், வால் இன்னும் நீளும். ஆகவே வாலின் நீளத்திலிருந்து சுழற்சியைக் கணிக்கலாம்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. நமக்கும் கருந்துளைக்கும் இடையே அடுக்கடுக்கான வாயு மேகங்கள் நின்று கதிரை உறிஞ்சினாலும் நிறமாலையில் இதே மாதிரி வளைவு வரும் என்றார்கள் சிலர். நியாயமான வாதம். 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். 2013-ல் நூஸ்டாரும் எக்ஸ்எம்எம்மும் சேர்ந்து என்ஜிசி 1365-ஐப் பார்த்தபோது, அங்கே மேகங்களை மட்டும் வைத்து விளக்க முடியவில்லை. வேகமாகச் சுழலும் கருந்துளைதான் பொருந்தியது. பிற கேலக்ஸிகளில் இந்த விவாதம் ஒவ்வொன்றாகத் தீர வேண்டியிருக்கிறது.

இப்போது நம்பிக்கை எக்ஸ்ரிஸ்ம் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி மீது. 2023 செப்டம்பரில் ஜப்பானின் தனெகஷிமாவிலிருந்து சென்றது. அதன் உணரி, தனிச்சுழி வெப்பநிலைக்கு (எதுவும் அதற்குக் கீழே குளிர முடியாத எல்லை) மேலே ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு குளிரில் இருக்கிறது. ஒற்றைத் துகள் விழுந்தால் ஏறும் சூட்டை அளக்கிறது. பழைய சிசிடி உணரிகள் இரும்புக் கோட்டின் அருகே சுமார் 130 எலெக்ட்ரான் வோல்ட் வித்தியாசத்தைத்தான் பிரித்தறியும். இது 5 வரை பிரிக்கிறது. உணரிக்கு முன்னால் இருக்கும் அடைப்பு திறக்காமல் போனதால் மென் எக்ஸ் கதிர்கள் உள்ளே வர முடியவில்லை. நல்லவேளையாக இரும்பின் பகுதி தப்பியது. இதே உணரியின் முந்தைய வடிவத்தைச் சுமந்த ஹிட்டோமி 2016-ல் ஏவிய சில வாரங்களிலேயே உடைந்துபோனதை நினைத்தால், எக்ஸ்ரிஸ்ம் அனுப்பும் ஒவ்வொரு நிறமாலையும் மீட்டெடுத்த சொத்து.

தூசுக்குப் பின்னால் மறைந்திருப்பவற்றைப் பார்க்க முடியுமா?

முடியும். பல கருந்துளைகளைச் சுற்றித் தூசும் வாயுவும் தடித்த வளையம் போல நிற்கின்றன. வளையத்தின் திறப்பு வழியாக நாம் பார்த்தால் அகன்ற கோடுகள் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் மறைந்துவிடும். 1985-ல் ஆன்டனூச்சி, மில்லர் இருவரும் என்ஜிசி 1068-ல் மறைந்திருந்த அகன்ற கோடுகளைச் சிதறிய ஒளியில் கண்டுபிடித்து, வெவ்வேறாகத் தெரியும் இரண்டு வகைகளுக்குள்ளும் இருப்பது ஒரே மாதிரியான இயந்திரம் என்று காட்டினார்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தூசு எளிதில் தடுத்துவிடும். கடின எக்ஸ் கதிர் கணிசமான தடிப்பையும் துளைத்து வரும். மிக மிகத் தடித்த திரைகள் அதையும் விழுங்கும். அப்போதும் வளையத்தின் உட்சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும் இரும்புக் கோடும் உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். என்ஜிசி 1365-ல் மேகங்கள் குறுக்கே வந்து மூடுவதும் விலகுவதும் சில நாள்களிலேயே நடக்கிறது. வளையம் என்று சொன்னாலும் அது சுவரல்ல, நகரும் மேகங்களின் கூட்டம்.

வானத்தில் இவை எத்தனை இருக்கும்?

1962-ன் அந்த மங்கலான ஒளிக்கு இப்போது வருவோம். அது என்ன என்று பல ஆண்டுகள் தெரியாமலிருந்தது. சந்திராவின் கூர்மை அதைத் தனித்தனிப் புள்ளிகளாக உடைத்தது. பெரும்பாலானவை செயல்மிகு கேலக்ஸிகள். தென்வானின் ஒரு துண்டை மொத்தம் 70 லட்சம் நொடிகள் பார்த்த பதிவு 2017-ல் வந்தது. அதன் நடுப்பகுதியில் உள்ள அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டால், முழுநிலவு மறைக்கும் பரப்பில் சுமார் 5,000, முழு வானத்தில் சுமார் 100 கோடி கருந்துளைகள்.

அகலப் பார்வையில் ஈரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வேறு வேலை செய்தது. அதன் முதல் பட்டியல் 2024 ஜனவரியில் வெளியானது: பாதி வானத்தில் சுமார் 9 லட்சம் மூலங்கள், அவற்றில் 7 லட்சத்துக்கும் மேல் கேலக்ஸி மையக் கருந்துளைகள்.

நம் பால்வீதியும் செயல்மிகு கேலக்ஸியா?

இப்போது இல்லை. நடுவில் சுமார் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது, அவ்வப்போது சிறிதாகப் பளிச்சிடுகிறது. ஆனால் அதன் அருகே உள்ள வாயு மேகங்கள் எக்ஸ் கதிரை எதிரொளிக்கின்றன. ஐஎக்ஸ்பிஇயின் தளவிளைவு அளவு, சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அது இப்போதிருப்பதைவிட மிகப் பிரகாசமாக இருந்தது என்கிறது.

ஒரு செயல்மிகு மையம் அணைந்துபோகுமா?

1இஎஸ் 1927+654 என்ற கேலக்ஸியில் 2018-ல் கண்ணெதிரே நடந்தது. முதலில் ஒளி பல மடங்கு ஏறியது. பிறகு எக்ஸ் கதிர் படிப்படியாக வீழ்ந்து, கொரோனாவே காணாமல் போனது போலாயிற்று. சில மாதங்களில் திரும்பவும் வந்தது. ஒரு விண்மீன் உள்ளே விழுந்து காந்தப்புலத்தைக் குலைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மனித வாழ்நாளுக்குள் எதுவும் மாறாது என்று நம்பியிருந்த துறைக்கு இது பெரிய அதிர்ச்சி.

இதெல்லாம் அந்தக் கேலக்ஸியை என்ன செய்கிறது?

பெர்சியஸ் கேலக்ஸிக் கொத்தைப் பாருங்கள். அதன் நடுவில் உள்ள என்ஜிசி 1275, செய்ஃபர்ட்டின் பழைய பட்டியலில் இருந்ததுதான். அதன் கருந்துளை வீசும் தாரைகள் சுற்றியுள்ள சூடான வாயுவில் பெரிய குமிழிகளை ஊதியிருப்பதும், அங்கிருந்து ஒலியலைகள் பரவுவதும் சந்திராவின் பதிவில் தெரிந்தன. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு. இந்த அலைகள் வாயுவைச் சூடாகவே வைத்திருக்க உதவுவதால் அது குளிர்ந்து புதிய விண்மீன்களாகத் திரள்வது தடைபடுகிறது.

தாரை இல்லாமல் காற்றாகவும் வீசும். பிடிஎஸ் 456 என்ற குவேசாரில் ஒளியின் வேகத்தில் 20 முதல் 30 சதவீதத்தில் பாயும் காற்றை எக்ஸ்ரிஸ்ம் பதிவு செய்தது. சீரான வீச்சாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தனித்தனிக் கட்டிகளாகப் பறந்தது.

நானே இந்தப் பதிவுகளைத் திறந்து பார்க்கலாமா?

தாராளமாக. சந்திரா, எக்ஸ்எம்எம், நூஸ்டார் பதிவுகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு பொதுவில் திறந்துவிடப்படுகின்றன. 2015-ல் சென்ற இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுக்கும் திறந்த காப்பகம் உண்டு. புற ஊதாவையும் எக்ஸ் கதிரையும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் வட்டும் கொரோனாவும் ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன என்று ஆராய அது நல்ல கருவி. பகுப்பாய்வு மென்பொருள்களும் இலவசம்.

தொடங்குவதற்கு மங்கலான குவேசாரை எடுக்காதீர்கள். என்ஜிசி 4151 போல அருகில் உள்ள, பிரகாசமான ஒன்றை எடுங்கள். நிறமாலைக்குப் போகும் முன் ஒளி வரைபடத்தைப் பாருங்கள். சூரியத் துகள்கள் உணரியைத் தாக்கிய நேரங்கள் அதில் கூர்முனைகளாகத் தெரியும். அவற்றை வெட்டிவிட்டு, அருகில் உள்ள வெற்றிடத்திலிருந்து பின்னணியை எடுத்துக் கழியுங்கள். பிறகு 6.4-க்குப் பக்கத்தில் ஒரு சிறு மேடு எழும்பும். அதுதான் இரும்பு.